நாற்பத்தெட்டு மணித்தியாலக் கடல்

கடலுக்கு நீலம் அடிப்பதுதான் எல்லோரும் விடுகிற பிழை. புயல் நேரத்துக் கடலில் நீலம் கிடையாது. கறுப்பை ஒட்டிய ஒரு பச்சை, அதன்மேல் சாம்பல், அலை எழும்பி உடையப்போகிற விளிம்பில் மட்டும் வெளிச்சம் ஊடுருவுகிற போத்தல் பச்சை. அந்தப் பச்சையைப் பிடிக்க எனக்கு ஐந்து மாதம் போனது.

நீங்கள் மழையைப் பற்றிக் கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் கடலைச் சொல்லாமல் மழையை மட்டும் சொன்னால், நான் ஏதோ பைத்தியக்காரன் என்று எழுதிக்கொண்டு போய்விடுவீர்கள். நான் பைத்தியக்காரன் இல்லை. எங்கள் தோட்டப் பிரிவில் கணக்காக வேலை செய்கிறவன் யார் என்று யாரிடம் கேட்டாலும் என் பெயரைத்தான் சொல்வார்கள். சொல்லியிருப்பார்கள்.

பெயர் சதீஸ்குமார். வயது முப்பத்திரண்டு. கருங்காட்டுத் தோட்டம், கீழ்ப்பிரிவு, ஆறாம் நம்பர் லயம். அந்த வரிசை வீடுகள் இப்போது இல்லை. வாக்குமூலத்தில் விலாசம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்பதை எழுதுகிறவரே தீர்மானிக்கட்டும்.

நான் எதையும் முடித்தவன் இல்லை. உயர்தரம் படிக்கும்போது இரண்டாவது வருடம் நின்றேன். பதுளையில் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போய் எட்டு மாதத்தில் நின்றேன். கொழும்பில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவி, அதையும் விட்டுவிட்டு வந்தேன். பிறகு நான்கு வருடம் தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் ராத்திரி ஷிப்ட், கொழுந்து வாட்டுகிற மேல்மாடியில். காற்றாடி இரைச்சலில் கொழுந்தைப் புரட்டிப் போட்டு, அது சரியாக வாடிவிட்டதா என்று கையில் பிடித்துப் பார்க்கிற வேலை. எனக்கு அது நன்றாக வரும். ஒருநாள் பெக்டரிப் பொறுப்பாளரான டீமேக்கர் என் தட்டைத் தொட்டுப் பார்க்காமலே, வாடவில்லை என்றார். நான் பாதி ஷிப்டில் படியிறங்கி வந்துவிட்டேன். பிறகு அந்தப் படியை ஏறவில்லை.

வேலை போனது, தூக்கம் திரும்பி வரவில்லை. லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் விடிய விடிய முழித்திருக்கிறவன் என்ன செய்வான். சிலர் குடிப்பார்கள். நான் போனில் படம் பார்த்தேன். ஒரு விமானந்தாங்கிக் கப்பல் புயலுக்குள் போகிற படம். முன்முனை வானத்தைப் பார்த்து எழும்பும். அடிவயிறு தெரியும். ஒரு கணம் அப்படியே நிற்கும். பிறகு விழும்போது தளத்தின் முன்பக்கம் தண்ணீருக்குள் போய், வெள்ளையாக வெளியே வரும். அந்தத் தளத்தில் விமானங்கள் நிற்கின்றன, சங்கிலி போட்டுக் கட்டி. ஒன்றுகூட அசையவில்லை. அந்தக் கப்பலில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நிறச் சட்டை. மஞ்சள் என்றால் வழி காட்டுகிறவன், ஊதா என்றால் எரிபொருள், சிவப்பு என்றால் குண்டு. யாரும் யாருடைய வேலையையும் தொடமாட்டார்கள். அதை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று எண்ணவில்லை. அந்த ஒரு கணத்தைச் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். எழும்பி நிற்கிற கணத்தை.

மழைமானிக்கு வருகிறேன்.

மண்சரிவு பார்க்கிற அரசாங்கக் கந்தோரிலிருந்து ஐந்து வருடத்துக்கு முன் வந்து, எங்கள் பிரிவுக்கு ஒரு மழைமானி கொடுத்தார்கள். பெரிய விஷயமில்லை. கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குழாய். காலை ஆறு மணிக்கு அதை வாசித்து, புத்தகத்தில் எழுதி, தண்ணீரைக் கவிழ்த்துவிட வேண்டும். அடுத்த நாள் ஆறு மணி வரை கவிழ்க்கக் கூடாது. இடையில் எழுபத்தைந்து மில்லிமீட்டர் ஏறினால் தலைவருக்குச் சொல்ல வேண்டும். நூறு ஏறினால் சனத்தை எழுப்ப வேண்டும். நூற்றைம்பது என்றால் யாரும் லயத்தில் இருக்கக் கூடாது. ஹல்துமுல்லையில் ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். மற்றவர்கள் சோற்றுப் பார்சலுக்காக வந்தார்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மலையிலிருந்து வருகிற பீலித் தண்ணீர் கலங்கினால், நட்ட மரம் சாய்ந்தால், சுவர் வெடித்தால், கதவு நிலையில் இறுகினால் மண் நகர்கிறது என்று அர்த்தம். எனக்கு எல்லாம் மனப்பாடம்.

தூங்காதவன் என்பதால் என்னைப் பொறுப்பாக்கினார்கள். தோட்டத் தலைவர் ரெங்கசாமிதான் பெயர் சொன்னார். "இவன் ராத்திரியில ஆந்த மாதிரி உக்காந்திருக்கான். வேற யாரு பாப்பா?" என்றார். எல்லோரும் சிரித்து, கை தூக்கினார்கள்.

ஓடிப்போய் இருக்க வேண்டிய இடம் பழைய பிள்ளைக் காம்பரா. பெண்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகிற கட்டிடம். புதிதாக ஒன்று கட்டிய பிறகு அது சும்மா கிடந்தது. லயத்திலிருந்து மேலே, பாறைமேல் இருக்கிறது. அதன் முற்றத்தில்தான் முன்பு பெரட்டுக்கு, காலையில் வேலைக்கு ஆள் கூட்ட, அடித்த தண்டவாளத் துண்டு தொங்குகிறது. கம்பி என்போம். மழைமானியையும் அங்கேதான் நட்டார்கள்.

முதல் வருடம் யார் வேண்டுமானாலும் கம்பியை அடிக்கலாம் என்று இருந்தது. ஒரு தீபாவளிக்கு இரண்டு பேர் குடித்துவிட்டு வேடிக்கைக்கு அடித்தார்கள். கிழவிகள் மேட்டில் விழுந்து எழும்பி ஓடி வந்தார்கள். அதற்குப் பிறகு கூட்டம் போட்டுத் தீர்மானித்தார்கள்: கம்பி அடிக்கிற சம்மட்டி பிள்ளைக் காம்பராவுக்குள் பூட்டி இருக்கும், சாவி என்னிடம் மட்டும். நான் அடித்தால்தான் போவது, வேறு யார் சொன்னாலும் போவதில்லை. நான் கேட்டு வாங்கிய பொறுப்பு இல்லை இது. அவர்களாகக் கொடுத்தது. அந்தக் கூட்டத்தின் குறிப்பு உங்களிடம் இருக்கும்.

சாவி இருந்ததால் உள்ளே ஒரு மேசை போட்டுக் மாதிரிக் கப்பல் வேலையை ஆரம்பித்தேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

இரண்டு வருடத்தில் ஏழு தடவை கம்பி அடித்தேன். ஏழு தடவையும் நூறைத் தாண்டியிருந்தது. ஏழு தடவையும் ஒரு பிடி மண் விழவில்லை. சனம் பாய், பானை, கோழிக்கூடை எல்லாவற்றோடும் வந்து இரண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்துவிட்டு, என்னைத் திட்டிக்கொண்டு இறங்கிப் போனது. வேலைக்குப் போனால் அந்த நாளுக்கு ஒரு பேர், ஒருநாள் சம்பளம், விழும். போகாவிட்டால் விழாது.

"ஒன் குழாய்க்குப் பயந்து எங்க பேரு போகுதுடா" என்று ஐந்தாம் லயத்து இராக்கம்மா சொன்னாள். அவள் வாய் எங்கள் பிரிவில் பிரசித்தம். "மலையும் வரல, மண்ணும் வரல. வந்ததெல்லாம் எனக்குச் சளி."

ஏழாவது தடவைதான் முதல் கப்பல் போனது. அப்போது தளம், கோபுரம், இருபத்தாறு விமானம் எல்லாம் முடிந்து, கடல் மட்டும் பாக்கி. நான் வெளியே மழைமானியோடு நிற்கிறேன். உள்ளே அறுபது பேர். ஈரத் துணி காயப்போடக் கயிறு கட்ட இடமில்லை என்று ஒரு முனையைக் கப்பலின் கோபுரத்தில் கட்டியிருக்கிறார்கள். தளம் சமமாக இருந்தது என்று அதன்மேல் கேஸ் சிலிண்டரை ஏற்றி வைத்திருக்கிறார் ரெங்கசாமி. நான் உள்ளே வந்தபோது கப்பல் நடுவில் முறிந்து கிடந்தது.

"அட, நான் பலகைன்னு நெனச்சேன் தம்பி" என்றார் அவர்.

இராக்கம்மா எட்டிப் பார்த்தாள். "முங்கிருச்சா கேப்டன்? நீச்சல் தெரியுமா ஒனக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அவர்கள்மேல் கோபம் இருந்தது என்று நாளைக்கு யாராவது சொன்னால், நான் சிரித்ததைப் பார்த்த சாட்சி அறுபது பேர் இருந்தார்கள் என்று சொல்லலாம்.

இரண்டாவது கப்பலுக்கு ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆனது. முந்நூற்றைம்பதில் ஒரு பங்கு அளவு. கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம். எந்தப் பெட்டியிலும் வந்ததல்ல. உடம்பு பிளாஸ்டிக் தகடு. விமானங்கள் பழைய பேனைக் கூடுகளை வெட்டிச் செதுக்கியது. சங்கிலிகள் போன் சார்ஜர் வயருக்குள் இருக்கிற செம்புத் தும்பு, விமானத்துக்கு ஆறு. ஆட்கள் கூட்டுகிற தும்புத்தடியின் நைலோன் மயிர். ஐந்து மில்லிமீட்டருக்கு வெட்டி, தலைக்கு ஒரு பொட்டுப் பசை, பிறகு சட்டை நிறம். இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவனுக்கும் அவன் நிற்க வேண்டிய இடம் உண்டு. அலைகளை ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பலகையில் செதுக்கி, மேலே டிஷ்யூ ஒட்டி, நிறம் அடித்தேன். கப்பலின் முன்முனை அலைக்கு வெளியே எழும்பி நிற்கிறது. அதைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி இறுகுகிற ரெசின் ஊற்றினால் கடல் முடிந்தது. கப்பலும் முடிந்தது.

ஒரு மனுசி மட்டும்தான் அதைக் கப்பலாகப் பார்த்தாள். என் அண்ணி சுபாஜினி. அண்ணன் கட்டாரில். அவள் எனக்கு அடுத்த காம்பரா. எனக்குச் சோறு போடுகிறவள். ஒருநாள் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நெடுநேரம் குனிந்து பார்த்தாள்.

"இந்த மஞ்சச் சட்டக்காரரு எதுக்குத் தம்பி கையத் தூக்கிக்கிட்டு நிக்கிறாரு?"

"அவரு சொன்னாத்தான் அண்ணி மத்தவங்க அசையலாம்."

"அப்ப அவருக்குத்தான் பெரிய பொறுப்பு" என்றாள். "பாக்கவே குளிருது. நல்லா செஞ்சிருக்கீங்க."

ரெசின் வாங்கப் பதுளைக்குப் போனேன். பஸார் வீதியில் ஸமீம் நானாவின் ஹாட்வெயார் கடை. படகுக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் பூசுகிற மஞ்சள் ரெசின்தான் அங்கே இருந்தது. தெளிவானது வேண்டும் என்று சொல்லிக் கொழும்பிலிருந்து எடுப்பித்தேன்.

"என்னத்துக்கு மகன் இவ்வளவு?" என்று கேட்டார்.

"கப்பலுக்கு நானா."

"ஹல்துமுல்ல மலையிலயா? நூஹ் நபி கப்பல் கட்டின வேலையா பாக்குறீங்க?" அவர் சிரித்துக்கொண்டே டின்னைத் திருப்பி, பின்னால் இருந்ததை எனக்காக வாசித்தார். "குளிர் இடத்துல நாப்பத்தெட்டு மணித்தியாலம் போகும். ஈரக்காத்துப் பட்டா வெள்ள பூத்துரும். தூசி பட்டா போகாது. அசச்சா போச்சி. நல்ல வெயில் பார்த்து ஊத்துங்க. ஒரு தரந்தான் ஊத்தலாம், திருப்பி எடுக்க ஏலாது."

நல்ல வெயிலுக்காக மூன்று மாதம் காத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் மூடுபனியும் தூறலும் இல்லாத இரண்டு நாள் சேர்ந்து கிடைப்பது லேசில்லை. ஐப்பசியில் ஒரு கிழமை விடாமல் காய்ந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு ஊற்றினேன். மேசையைச் சுற்றிப் பொலித்தீன் கட்டி, உள்ளே இரண்டு குண்டு பல்பு போட்டு, கதவு ஜன்னல் இடுக்கெல்லாம் துணி அடைத்தேன். ரெசின் அலைகளுக்கு இடையில் போய்த் தானாக நின்றது. ஒரு குமிழி இல்லை. வியாழன் காலை ஏழு மணி வரை யாரும் உள்ளே வரக்கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

செவ்வாய் பின்னேரம் மழை தொடங்கியது.

புதன் காலை ஆறு மணிக்குக் குழாயில் அறுபத்து நான்கு. எழுதினேன். கவிழ்த்தேன். அது சட்டப்படி. மழைக்கு வேலை இல்லை என்று பெரட்டுக் கலைத்துவிட்டார்கள். எல்லோரும் லயத்துக்குள் அடைந்துவிட்டார்கள். வேலை இருந்திருந்தால் பாதிப் பேர் மலையில் நின்றிருப்பார்கள். அந்த முடிவு என்னுடையதல்ல.

ஒன்பது மணி பத்து நிமிடத்துக்குக் குழாயில் எழுபத்தொன்று.

இங்கே நீங்கள் என்னைச் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். எழுபத்தைந்து என்றால் ரெங்கசாமிக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் அவர் மேலே வருவார், உள்ளே இடம் பார்ப்பார். நூறு என்றால் அறுபது பேர் ஈரத் துணியோடு வருவார்கள். அறுபது பேரின் மூச்சு, ஈரம், அடுப்பு, ஆவி. பொலித்தீனை யார் மதிப்பார்கள். மேசையை ஓரத்துக்கு நகர்த்தச் சொல்வார்கள், ரெசின் ஒரு பக்கம் சாயும். நான் இவற்றை நிதானமாக யோசித்தேன். ஏழு தடவை ஓடி வந்தவர்கள். ஏழு தடவையும் ஒன்றும் நடக்கவில்லை. எட்டாவது தடவையும் நடக்காமல் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். இது எந்தப் படித்தவனும் போடுகிற கணக்கு.

குழாயைக் கவிழ்த்தேன்.

பத்து மணிக்குக் கந்தோருக்குக் குழாயின் படம் அனுப்ப வேண்டும். அனுப்பினேன். குழாயில் பன்னிரண்டு இருந்தது. புத்தகத்திலும் பன்னிரண்டு என்றே எழுதினேன். படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள், அதில் ஒரு மாற்றமும் செய்யவில்லை. நான் பொய் இலக்கம் எழுதினேன் என்று பத்திரிகையில் போட்டிருக்கிறார்கள். அது பிழை. குழாயில் இல்லாத எதையும் நான் எழுதவில்லை.

பன்னிரண்டு மணிக்கு அறுபத்தெட்டு. மறுபடியும் கவிழ்த்தேன். கூட்டிப் பார்க்கத் தெரியாதவன் இல்லை நான். ஆறு மணியிலிருந்து நூற்று முப்பத்தொன்பது. பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிற தானாக அளக்கிற கருவி எவ்வளவு காட்டியது என்று நீங்கள் சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இருக்கவில்லை. என் கணக்கும் கிட்டத்தட்ட அதுதான்.

அதற்குப் பிறகு உள்ளே போய் ரெசினைப் பார்த்தேன். ஓரத்தில் நகத்தால் தொட்டால் இன்னும் தடம் விழுந்தது. பாதிதான் இறுகியிருந்தது.

அண்ணி வந்தது பன்னிரண்டரை மணிக்கு. இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க முடியாது. பார்த்த ஆள் இல்லை. நான்தான் சொல்கிறேன்.

கதவைத் தட்டினாள். ஒரு சாண் அளவுக்குத் திறந்தேன். குடை முறிந்திருந்தது. சேலை உடம்போடு ஒட்டிச் சொட்டிக்கொண்டிருந்தது. தோளில் ஒரு பை. பாஸ்போட், பிறப்புச் சான்றிதழ், அண்ணன் அனுப்பிய படங்கள். அவள் எப்போதும் அதைத்தான் முதலில் எடுப்பாள்.

"தம்பி, கம்பி அடிப்பீங்களான்னு கேட்டுட்டு வரலாம்னு வந்தேன்."

"இல்ல அண்ணி. கொழாயில ஒண்ணும் இல்ல."

"இவ்வளவு பேயுதே."

"காத்தோட பேயுறது. பாக்க அப்படித்தான் இருக்கும்."

அவள் போகவில்லை. "பீலித் தண்ணி தேத்தண்ணி மாதிரி வருது. காலையில நல்லா வந்துச்சு."

"மழைக்குக் கலங்கும்."

"நம்ம காம்பராக் கதவும் சாத்த மாட்டேங்குது தம்பி. காலையில சாத்துனேன். இப்ப நெலையில இறுகிக்கிட்டு நிக்குது."

நான் கதவு நிலையை ஒரு தடவை விரலால் தடவிப் பார்த்தேன். பிறகு, "பலகை ஊறியிருக்கும்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. டாக்டர் சொல்வதைக் கேட்கிற மாதிரிப் பார்த்தாள். எங்கள் சனம் என்னை எவ்வளவு கேலி பண்ணினாலும், மில்லிமீட்டர் விஷயத்தில் நான் சொல்வதற்கு மறுபேச்சு கிடையாது. அவர்கள் செய்த பிழை என்றால் அதைத்தான் சொல்லலாம். வானத்தைப் பார்க்கிறதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"அப்ப சரி" என்றாள். பிறகு, "இருந்தாலும் எனக்கு அங்கன இருக்க மனசில்ல. நான் மட்டும் இப்பிடி ஓரமா உக்காந்துக்கிறனே. ஒங்க சாமான் எதையும் தொட மாட்டேன்."

அவள் தொடமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். அவளால் ஒரு பாதகமும் வந்திருக்காது என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். ஆனால் அவள் உள்ளே வந்தால், கீழே இருக்கிறவர்கள் அவளைத் தேடுவார்கள். பிள்ளைக் காம்பராவில் இருக்கிறாள் என்று தெரிந்தால், சதீஸே தன் அண்ணியைக் கூப்பிட்டு வைத்திருக்கிறான் என்று பேசிக்கொண்டு எல்லோரும் மேலே வருவார்கள். அது கம்பி அடித்ததற்குச் சமம். தவிர அந்தச் சேலையிலிருந்து மட்டும் அரை லீட்டர் தண்ணீர் தரையில் இறங்கும்.

"ஈரம் ஆகாது அண்ணி" என்றேன். "நாளைக்குக் காலையில வாங்க. முடிஞ்சிரும். ஒங்களுக்குத்தான் மொதல்ல காட்டுவேன்."

"சரி தம்பி. சோறு வச்சிருக்கேன், வந்து சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். கதவைச் சாத்தி, இடுக்கில் துணியை மறுபடியும் அடைத்தேன். வாசலில் அவள் நின்ற இடத்தைத் துடைத்தேன்.

ஜன்னல் துணியை விலக்கிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவள் இறங்கிப் போவது தெரிந்திருக்கும். ஆறாம் லயத்துக்கு மேலே நிற்கிற சவுக்கு மரங்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தன என்பதும் தெரிந்திருக்கும்.

இரண்டு மணி இருபதுக்கு மண் வந்தது. இடி மாதிரி இருந்தது என்று சொல்கிறார்கள். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. பெக்டரியில் நாற்பது காற்றாடியும் ஒரே நேரத்தில் நின்றால் ஒரு சத்தம் வரும், சத்தம் நின்ற சத்தம். அந்த மாதிரி. மேசைக்குப் பக்கத்தில் ஓடிப்போய்ப் பலகையைப் பிடித்துக்கொண்டேன். தரை ஆடியது. ரெசின் ஒரு தடவை விளிம்பில் நடுங்கி, மறுபடியும் சமமாக நின்றது.

ஆறாம் லயம் முழுவதும், ஐந்தாம் லயத்தில் பாதி. பதினேழு பேர். என் காம்பராவும் அதில்தான் போனது. தெரிந்தே செய்தவன் தன் சொந்தக் காம்பராவையும் போகவிடுவானா என்று என் பக்கத்துச் சட்டத்தரணி கேட்கப்போகிறாராம். கேட்கட்டும். ஆனால் அந்தக் காம்பராவில் எனக்கு வேண்டிய எதுவும் இருக்கவில்லை.

அண்ணியை வெள்ளிக்கிழமை மண்ணுக்குள்ளிருந்து எடுத்தார்கள். பை தோளிலேயே இருந்ததாம். போய் அதைக் கழற்றி வைக்கவில்லை. நான் சொன்னதை அவள் முழுதாக நம்பவில்லை என்று இப்போது தோன்றுகிறது. நம்பாமல்தான் திரும்பிப் போயிருக்கிறாள். அதற்கு நான் என்ன செய்ய முடியும்.

நீங்கள் ஆரம்பத்திலிருந்து ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்கிறீர்கள். தெரியுமா, தெரியாதா. தெரியும். பீலி கலங்கியதும் கதவு இறுகியதும் என்னவென்று பயிற்சியில் சொன்னதை அந்தப் பிரிவில் ஞாபகம் வைத்திருந்த ஒரே ஆள் நான். சம்மட்டி என் கையெட்டும் தூரத்தில் இருந்தது. நூற்று முப்பத்தொன்பதில் அடித்திருந்தால் எல்லோரும் மேலே வந்து சேர ஒரு மணித்தியாலம் போதும். மண் வருவதற்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது. நான் அடிக்கவில்லை. இரண்டு தடவை கவிழ்த்தேன். கேட்க வந்த ஒருத்தியைத் திருப்பி அனுப்பினேன். கையெழுத்து எங்கே வைக்க வேண்டும் என்று காட்டுங்கள், வைக்கிறேன்.

இன்னும் ஒன்று மட்டும் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் வாக்குமூலம் முழுமையாகாது.

மூன்று மணியளவில் மிஞ்சியவர்கள் மேலே வந்தார்கள். கதவின் இரண்டு பலகையையும் நானே திறந்துவிட்டேன். நாற்பது பேருக்கு மேல், கழுத்துவரை சேறு. தலைவர் ரெங்கசாமிக்கு ஒரு செருப்புத்தான் இருந்தது.

"ஏன் தம்பி அடிக்கல?" என்று கேட்டார்.

"கொழாயில பன்னெண்டுதான் இருந்துச்சு" என்றேன்.

புத்தகத்தை எடுத்து வாசித்தார். என்னைப் பார்த்தார். பிறகு பொலித்தீனுக்குள் எரிந்துகொண்டிருந்த பல்புகளைப் பார்த்தார். புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுச் சுவரோடு போய் உட்கார்ந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சுவரோடு உட்கார்ந்தார்கள். மேசைக்குக் கையெட்டும் தூரத்தில் ஒருவரும் வரவில்லை. யாரும் கயிறு கட்டவில்லை, அடுப்பு மூட்டவில்லை. குழந்தைகளைக்கூட இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். இராக்கம்மா எனக்கு நேர் எதிரே இருந்தாள். அவள் வீட்டுக்காரர் வரவில்லை. விடியும்வரை அவள் கண் கப்பலைவிட்டு நகரவில்லை. ஒரு வார்த்தை கேலி பேசவில்லை.

வியாழன் காலை ஏழு மணிக்குப் பொலித்தீனை எடுத்தேன். ரெசின் வெள்ளை பூக்கவில்லை. கடல் அடிவரை தெரிந்தது. நான் வாழ்க்கையில் முடித்த முதல் வேலை. அத்தனை பேர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அத்தனை பேரும் வாய் திறக்கவில்லை. அதன் அருமை அவர்களுக்குக் கடைசியில் விளங்கிவிட்டது.